அடுத்த வீட்டுச் சண்டைக்கு யார் போவார்கள்?

ஒவ்வொரு வருஷமும் மே மாதம் பதினேழு, பதினெட்டு தேதி வாக்கில் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். கமலாலயக் குளத்தை ஒட்டி நடந்து முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். "உலகத்துல இத்தனை நாடு இருந்துச்சே, முள்ளிவாய்க்காலுக்கு ஒருத்தன் வந்தானா?" என்பார். அதற்குப் பிறகு கூட்டம் இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் டெல்லியைத் திட்டுவார்கள், மீதிப் பேர் கோபாலபுரத்தைத் திட்டுவார்கள். நான் பெரும்பாலும் டீயை ஆற்றிக்கொண்டு கேட்பதோடு சரி. இந்த முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். பரமத்தி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் பொழித் தகராறு, தடத்துத் தகராறு, கிணற்றுப் பங்குத் தகராறு என்று பார்த்தது கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் பங்காளிச் சண்டைதான். நாற்பது வருஷமாக ஒருவன் உழுது, விதைத்து, வரப்புப் போட்டு, தென்னை வைத்துக் காய் பறித்துக்கொண்டிருப்பான். ஆனால் பட்டா அண்ணன் பேரில் இருக்கும். அடிதடி என்று வந்துவிட்டால் போலீஸ், பேங்க், சொசைட்டி எல்லாம் முதலில் கேட்பது பட்டா யார் பேரில் என்றுதான். அனுபவ பாத்தியதையை நிரூபிக்க கோர்ட்டில் தலைமுறை கழியும்.

நாடுகளும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. கிளிநொச்சியில் புலிகள் கோர்ட் வைத்திருந்தார்கள், போலீஸ் வைத்திருந்தார்கள், பேங்க் கூட வைத்திருந்தார்கள். ஒரு அரசாங்கத்துக்கு என்னென்ன வேண்டுமோ ஏறக்குறைய அத்தனையும் இருந்தது. ஆனால் பட்டா கொழும்பின் பேரில் இருந்தது. ஐ.நா. சபையில் நாற்காலி கொழும்புக்கு. ஆயுதம் விலைக்கு வாங்கும் உரிமை கொழும்புக்கு. விருந்தாளியைக் கூப்பிடும் உரிமையும், வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் உரிமையும் கொழும்புக்கு. ஐ.நா. சாசனத்தின் இரண்டாவது ஷரத்து ஏழாவது பிரிவு, ஒரு நாட்டின் உள் விவகாரத்தில் சபை தலையிடக் கூடாது என்கிறது. பாதுகாப்புக் கவுன்சில் உத்தரவு போட்டால்தான் அதற்கு விலக்கு. அந்தக் கவுன்சிலில் ஐந்து பேருக்கு வீட்டோ. அந்த ஐந்தில் ரஷ்யாவும் சீனாவும் கொழும்பின் பக்கம்.

அதனால் "யாரும் வரவில்லை" என்ற பேச்சே எனக்குச் சரியாகப் படுவதில்லை. வந்தார்கள். பட்டாக்காரன் பக்கம் வந்தார்கள்.

இதற்கு நல்ல சாட்சி 1971 ஏப்ரல். அந்த வருஷம் இலங்கையில் கிளர்ச்சி செய்தவர்கள் தமிழர்கள் அல்ல. ஜே.வி.பி. என்ற சிங்கள இளைஞர் இயக்கம் ஒரே ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கியது. சிறிமாவோ பண்டாரநாயக்கா உதவி கேட்டு உலகத்துக்குக் குரல் கொடுத்தார். யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். இந்தியா ஹெலிகாப்டரும் கப்பலும் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகாப்டர் அனுப்பியது. பிரிட்டன் ஆயுதம் கொடுத்தது, அமெரிக்கா உதவியது, ரஷ்யா மிக் விமானம் கொடுத்தது, சீனா பணம் கொடுத்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட இந்தியாவும் பாகிஸ்தானும் ஏப்ரலில் ஒரே அரசாங்கத்தைக் காப்பாற்ற வந்து நின்றன. கிளர்ச்சி செய்த பையன்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்காக எந்த நாடும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. அடுத்தவன் நிலத்தில் உட்பிரிவு செய்யக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு நம் சர்வே நம்பருக்கும் மனு வரும். 1967-இல் நைஜீரியாவிலிருந்து பையாஃப்ரா பிரிந்து போகப் பார்த்தது. பட்டினியிலேயே லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். எலும்பும் தோலுமான குழந்தைகளின் படத்தை உலகமே பத்திரிகையில் பார்த்தது. இருந்தும் அதைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டவை தான்சானியா, காபோன், ஐவரி கோஸ்ட், ஜாம்பியா, ஹைட்டி ஆகிய ஐந்துதான். ஆப்பிரிக்காவில் மற்ற எல்லோருக்கும் தத்தம் வீட்டில் ஒரு பையாஃப்ரா இருந்தது. இந்தியாவுக்குக் காஷ்மீர், நாகாலாந்து, அப்போது பஞ்சாப். ஏன், நாமே ஒரு காலத்தில் திராவிட நாடு கேட்டவர்கள்தானே. 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. டெல்லி அதிகாரிகளுக்கு அது மறந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஈழம் என்று ஒன்று பிறந்தால் அது பாக் நீரிணையோடு நிற்குமா என்ற சந்தேகம் அவர்கள் ஃபைலில் எப்போதும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அப்படியானால் 1983-க்குப் பிறகு இந்தியா ஏன் இறங்கியது?

அந்த ஜூலை நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கைதிகள் கொல்லப்பட்டார்கள். இங்கே ஊர் ஊராகக் கடையடைப்பு. அகதிகள் படகில் வரத் தொடங்கினார்கள். 1987 ஜூலை வரைக்கும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அதாவது, அடுத்த வீட்டில் வைத்த தீ நம் கூரையில் பொறியாக விழுந்தது. 1971-இல் வங்காளத்திலும் இதுதான் நடந்தது. ஒரு கோடிப் பேர் எல்லையைத் தாண்டி வந்த பிறகுதான் இந்திரா காந்தி பட்டாளத்தை அனுப்பினார்.

ஆனால் இது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் வேண்டுமென்றால் 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ராஜீவும் ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் படிக்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு ஆகாத வேலைக்கு யாருக்கும் விடக் கூடாது, அங்கே உள்ள எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளை இந்தியாவும் சேர்ந்து நடத்த வேண்டும், வெளிநாட்டு ரேடியோ நிலையத்தை ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, வெளிநாட்டு ராணுவ ஆலோசகர்களைப் பற்றிப் பேசித் தீர்க்க வேண்டும். இவையெல்லாம் தமிழனின் கண்ணீரைத் துடைக்கிற விஷயங்களா? அமெரிக்காவும் இஸ்ரேலும் பாகிஸ்தானும் கொல்லைப்புறத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்ற கவலை அது. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாடு என்றால் அப்படித்தான் கணக்குப் பார்க்கும். நம் ஆட்கள்தான் அதை உறவுக்காக வந்த சித்தப்பாவாக நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் நம் பக்கமும் இதில் பங்கெடுத்தது. மேட்டூர் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கும் கொளத்தூர்ப் பக்கம் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. நடத்தியவர் பொன்னம்மான். அந்த இடத்துக்கே புலியூர் என்று பெயர் விழுந்துவிட்டது. மத்திய அரசின் உளவுத் துறை பயிற்சி கொடுத்தது, எம்.ஜி.ஆர். பணம் கொடுத்தார் என்று பாலசிங்கமே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பிறகு 1986 நவம்பரில் பெங்களூரில் சார்க் மாநாடு வருகிறது என்றதும் அதே தமிழ்நாட்டுப் போலீஸ் போய் ஆயுதங்களைப் பறித்தது. வளர்த்த கையே மாநாட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் கொட்டிலில் கட்டிவிடும். அன்றைக்கே நமக்குப் புரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். 1987 ஜூன் 4-ஆம் தேதி விமானத்தில் யாழ்ப்பாணத்துக்கு மேல் உணவுப் பொட்டலம் போட்டோம். ஜூலையில் ஒப்பந்தம். மறுநாளே கொழும்பில் அணிவகுப்பு மரியாதையில் ஒரு சிப்பாய் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அமைதிப்படை போனது. செப்டம்பரில் திலீபன் உண்ணாவிரதம் இருந்து செத்தார். அக்டோபரில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் நேரடிச் சண்டை. அந்தத் தீபாவளியன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது இந்தியப் பட்டாளம். காப்பாற்றப் போன படை அது.

இரண்டரை வருஷத்தில் நம் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். கடைசியில் பிரேமதாசா "வெளியே போ" என்றார். அதற்கு அவர் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். சண்டையை விலக்கப் போனவனைப் பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்து அடித்து அனுப்பிய கதை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் வந்தபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். 1992-இல் தடை.

அதற்கப்புறம் டெல்லியில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் இலங்கைக்குப் பட்டாளம் என்ற பேச்சே எடுபடாமல் போனது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. யாழ்ப்பாணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் சிங்களப் படையினர் மாட்டிக்கொண்டார்கள். இந்த முறை உதவி கேட்டது கொழும்பு, அதாவது பட்டாக்காரனே கேட்டான். வாஜ்பாய் அரசு ராணுவ உதவி கிடையாது என்று சொல்லிவிட்டது. காரணம் கொள்கை இல்லை, பட்ட சூடு.

2006-க்குப் பிறகு டெல்லி வேறு வழி கண்டுபிடித்தது. சிப்பாயை அனுப்பாமல், ரேடாரும் ரோந்துக் கப்பலும் கொடுத்து, தாக்குகிற ஆயுதம் மட்டும் தருவதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வது. அந்த ஆயுதத்தைச் சீனாவும் பாகிஸ்தானும் தாராளமாகக் கொடுத்தன. இரண்டு நாட்டிலும் மூன்று மூன்று பெரிய அதிகாரிகளைக் கொண்ட ஒரு குழு போட்டுக்கொண்டார்கள். இங்கே சென்னையில் கொந்தளிப்பு வரும்போதெல்லாம் அந்த வழியாகப் பேசிச் சமாளித்துக்கொண்டார்கள். 2008 அக்டோபர் 14-ஆம் தேதி சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு, இரண்டு வாரத்தில் போர் நிற்காவிட்டால் எம்.பி.க்கள் ராஜினாமா என்று தீர்மானம் போட்டார்கள். 24-ஆம் தேதி கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி. 26-ஆம் தேதி பசில் ராஜபக்ச டெல்லி வந்து போனார். ராஜினாமா நடக்கவில்லை. 2009 ஜனவரி 29-ஆம் தேதி முத்துக்குமார் சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்தார். அந்தப் பையனின் கடிதத்தை எங்கள் ஊரில் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தார்கள். படித்தவர்கள் அழுதார்கள்.

அப்புறம் மே 13-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். இதைப் பற்றி எங்கள் கூட்டத்தில் யாரும் பேச விரும்புவதில்லை, அதனால் நானே சொல்கிறேன். சேலத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தங்கபாலு தோற்றார். ஈரோட்டில் இளங்கோவன் ம.தி.மு.க.விடம் தோற்றார். ஈழத்துக் கோபம்தான் காரணம் என்று அப்போது மார்தட்டியவர்கள் உண்டு. ஆனால் பக்கத்திலேயே நம் நாமக்கல்லில் தி.மு.க.வின் காந்திசெல்வன் ஜெயித்து மத்திய மந்திரியும் ஆனார். மாநிலம் முழுக்க 39-இல் 27 இடம் தி.மு.க. கூட்டணிக்கு. ஓட்டு எண்ணிய மே 16-ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் இன்னும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. டெல்லியில் இருந்தவர்கள் எண்களைப் பார்த்தார்கள், நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். மின்வெட்டு, விலைவாசி, ஒரு ரூபாய் அரிசி, உள்ளூர் வேட்பாளர் என்று நமக்கும் ஆயிரம் கணக்கு இருந்தது. நம் வீட்டுக் கணக்கு நமக்கு முக்கியம் என்றால், நார்வேக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் அவனவன் வீட்டுக் கணக்கு முக்கியமாக இருக்காதா?

மேல் நாடுகள் என்ன செய்தன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் இடிந்த பிறகு ஆயுதம் ஏந்திய இயக்கம் எதுவானாலும் பயங்கரவாதம் என்ற ஒரே கட்டுக்குள் போய்விட்டது. 2006-இல் ஐரோப்பிய யூனியனும் புலிகளைத் தடை செய்தது. 2009 ஏப்ரல் கடைசியில் பிரிட்டன், பிரான்ஸ் வெளியுறவு மந்திரிகள் இருவரும் கொழும்புக்குப் போய் போரை நிறுத்தச் சொன்னார்கள், ராஜபக்ச மறுத்தார், திரும்பி வந்தார்கள். பாதுகாப்புக் கவுன்சிலில் இந்த விஷயம் முறையான அஜெண்டாவாக வரவேயில்லை. ஐ.நா. கட்டடத்தின் கீழ்த்தளத்து அறையில் வைத்துப் பேசிக் கலைந்தார்கள். போர் முடிந்து பத்தே நாளில், மே 27-ஆம் தேதி, ஜெனீவா மனித உரிமைக் கவுன்சில் இலங்கையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12. அந்த 29-இல் இந்தியா உண்டு. சாவு 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011-இல்.

அதே 2011-இல் லிபியாவில் கடாஃபி மேல் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டன. 1999-இல் கொசோவோவுக்காக 78 நாள் குண்டு போட்டார்கள். ஆனால் 1994-இல் ருவாண்டாவில் எட்டு லட்சம் பேர் வெட்டுப்பட்டபோது அங்கே இருந்த ஐ.நா. படையையே குறைத்துச் சில நூறு பேராக்கினார்கள். கொசோவோ ஐரோப்பாவின் முற்றத்தில் இருந்தது. கடாஃபிக்காக வீட்டோ போட ஆள் இல்லை. ருவாண்டாவில் யாருக்கும் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வன்னி எந்தக் கணக்கில் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்வது சிலருக்குக் கோபம் வரலாம். 2009-இல் இந்தியப் பட்டாளம் போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. போயிருந்தால் 1987 திரும்ப நடந்திருக்கும், செத்தவர் பட்டியலில் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர் கூடியிருக்கும். ஆனால் பட்டாளம் அனுப்புவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. செஞ்சிலுவைச் சங்கம் பிப்ரவரியிலிருந்து மே வரை புதுமாத்தளன் கடற்கரையிலிருந்து காயம்பட்டவர்களையும் உறவினர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது, ஏறக்குறைய 14,000 பேரை. புல்மோட்டையில் இந்திய டாக்டர்கள் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஒரு கப்பல் போக முடிந்த இடத்துக்குப் பத்துக் கப்பல் போக முடியும். கொழும்பு தடுத்திருக்கும், உண்மை. மக்களைப் பிடித்து வைத்திருந்த புலிகளும் விட்டிருக்க மாட்டார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்று அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. இரண்டு பேரையும் மிரட்டிப் பணிய வைக்கக் கூடிய ஒரே நாடு இந்தியா. ரேடார் கொடுத்த கைக்கு அந்த உரிமை இருந்தது. அதைச் செய்யாததைத்தான் நான் மன்னிக்க மாட்டேன், பட்டாளம் போகாததை அல்ல.

கடைசியாக ஒன்று. வேலையில் இருந்தபோது முகாம் வேலையும் பார்த்திருக்கிறேன். மாதம் பிறந்தால் பதிவேட்டை வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிட்டுப் பணக்கொடை கொடுக்க வேண்டும். 1990-இல் இடுப்பில் குழந்தையோடு வரிசையில் நின்ற பெண் இன்றைக்குப் பாட்டி. அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகி அதற்குப் பிள்ளைகள். பரமத்தியிலோ தாரமங்கலத்துக் குறுக்குப்பட்டியிலோ போய்ப் பாருங்கள், பேச்சில் நம் கொங்குத் தமிழ் ஏறிவிட்டது. ஆண்கள் பெயின்ட் அடிக்கிறார்கள், பெண்கள் தறிக்கும் கோழிப் பண்ணைக்கும் போகிறார்கள். 2021-இல் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், 7,469 புது வீடு கட்டுவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வீட்டில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் இருக்கிறது, இலங்கை இல்லை.

இதற்கு எந்தப் பட்டாளமும் வேண்டாம், வீட்டோவும் குறுக்கே வராது, சீனாவைக் கேட்க வேண்டியதில்லை. பட்டா நம் பேரில்தான் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போய் வாதாடி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். மற்றவர்கள் இன்னும் மனுவோடு நிற்கிறார்கள். அடுத்த மே மாதம் டீக்கடையில் பேச்சு வந்தால் இதையும் சேர்த்துப் பேசலாம் என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம் எம்.பி.க்கு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன், மனு எழுதுவது எனக்குப் பழகிய வேலைதான். கையெழுத்துப் போட இதுவரை நான்கு பேர் தேறியிருக்கிறார்கள்.